நாலாவது பிஸ்டன்

அந்தக் கிளிப்பைக் கழற்றியவள் நான்.

காசிம் அண்ணன் மறக்கவில்லை. அவர் கை தவறவில்லை. அவர் மாட்டினார், நான் கழற்றினேன். கழற்றினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே கழற்றினேன்!

எழுதிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பங்கள் வாய்த்தன. சொல்ல வேண்டியவர்கள் என் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவள், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். இதுவும் கோழைத்தனம்தான்... ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேளுங்கள்.

எங்கள் வீடு மதுரைக்கு ஓரமாக, கோச்சடையில். அப்போது அந்தப் பக்கம் வயல்களே அதிகம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும். என் கணவர் சோமு, ஒரு பஞ்சு மில்லில் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். நல்லவர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார்... பேசவும் மாட்டார்!

பேசாத மனிதருடன் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்களா? திட்டுகிற கணவனைப் பற்றிப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லி அழலாம். பேசாத கணவனைப் பற்றி என்ன சொல்லி அழுவது? "சோறு போடு", "சட்டை எங்க", "வாரேன்." ஒரு பகலின் மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். குழந்தையும் இல்லை. மாமியார் வாசல் பக்கமே உட்கார்ந்திருப்பார். அவரும் கேட்டால்தான் பேசுவார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், வாடகை நூலகத்தில் தொடர்கதைகளை வாங்கி வந்து படிப்பேன். புத்தகத்தில் வரும் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில்தான் அந்தக் கார் வந்தது.

மில் முதலாளியின் அப்பா ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கார். பஞ்சுக் கிடங்கின் மூலையில், மூட்டைகளுக்குப் பின்னால், எலிகள் குடும்பம் நடத்தக் கிடந்தது. கிடங்கை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றதும், "வேணும்னா எடுத்துட்டுப் போய்யா" என்று இவரிடம் கொடுத்துவிட்டார்கள். மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. தரையோடு படிந்த சின்ன உடம்பு, இரண்டே கதவுகள், தவளை விழித்தாற்போல் இரண்டு விளக்குகள். இரண்டு பேர்தான் உட்கார முடியும். யாரோ முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அட, எஞ்சினே இல்லாத காரை ஏமாத்திக் குடுத்துட்டாய்ங்க!" என்று கத்தினார்.

என் கணவர் சிரித்தார். ஆம், சிரித்தார்! பின்பக்கம் போய் மூடியைத் தூக்கினார். எஞ்சின் அங்கே இருந்தது.

"எஞ்சின் பின்னாடிதாண்ணே. தண்ணியே ஊத்த வேண்டாம். ரேடியேட்டரே கெடையாது. காத்துலயே குளிர்ந்துக்கும்" என்று அவர் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நான் வாசற்படியில் நின்று கேட்டேன். அத்தனை வார்த்தைகளை அவர் ஒருசேரப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காசிம் அண்ணன் வந்தார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். ஒருவரை ஒருவர் "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். காசிம் அண்ணன் தெற்கு வாசல் பக்கம் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர், முழங்கால் போட்டு உட்கார்ந்து, துருவைச் சுரண்டினார்.

"இது ஒண்ணும் அதிசயமில்ல மாப்ள. நாலு ஸ்கூட்டர் எஞ்சினப் படுக்கப்போட்டு ஒண்ணாச் சேர்த்த மாதிரிதான். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. பிரிச்சுப் பாத்துருவோம்."

"முடியுமாடா?"

"எறங்கிட்டா முடிஞ்சுரும்."

காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கழுவிவிட்டு, கனமான மேசை ஒன்றைப் போட்டு, எஞ்சினைக் காரிலிருந்து இறக்கி அதன்மேல் வைத்தார்கள். என் வாழ்க்கை அந்த மேசையில்தான் தொடங்கியது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களா?

முதலில் நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பவள் மட்டும்தான். ஒருநாள் இருவர் கையும் எண்ணெயாக இருந்தது. "ஏம்மா தங்கச்சி, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடும்மா" என்றார் காசிம் அண்ணன். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் கேட்காமலேயே கொடுத்தேன். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்த பாகங்களைத் தேய்த்துக் கழுவுவது என் வேலையாயிற்று. எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு என்று பால் டப்பாக்களில் பிரித்து வைப்பதும் என் வேலையாயிற்று. மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "என்னமோ, மூணு பேரும் சிரிச்ச சத்தம் கேக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

சிரித்தோம். ஆமாம். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவாமல் கொட்டகைக்கு வருவார். "சரசு, அந்த வால்வெல்லாம் காஞ்சிருச்சா? இதப் பாரேன், எம்புட்டு அழகாத் தேச்சிருக்கா மாப்ள, புதுசு மாதிரி இருக்கு!" என்பார். என் பெயரை அவர் சொல்லிக் கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? என் கைகளில் மண்ணெண்ணெய் வாடை போகவே போகாது. சோறு பிசையும்போதும் வரும். எனக்கு அது மல்லிகையைவிட மேலாக இருந்தது!

பழைய பிஸ்டன்கள் அரித்துப்போயிருந்தன. காசிம் அண்ணனின் மைத்துனர் கப்பலில் வேலை பார்த்தார். அவரிடம் சொல்லி, ஏதோ ஒரு தூரதேசத்துத் துறைமுகத்தில் தேடி, புது பிஸ்டன்களும் சிலிண்டர்களும் வாங்கி வரச் செய்தார். அந்த மனிதர் அவற்றைத் துணிமணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. பெட்டியைத் திறந்தபோது மூவரும் மூச்சுவிடவில்லை. வெள்ளிக் கும்பாக்களைப் போல மின்னின. "பாத்துக்க மாப்ள, இன்னொரு தடவ இது கெடைக்காது" என்றார் காசிம் அண்ணன்.

எல்லாம் சேர்ந்து முடியும் நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பணக்காரர் ஒருவர் சென்னையில் இருந்தார். இப்படி ஒரு கார் மதுரையில் உயிர்பெறுகிறது என்று யார் மூலமோ கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். கார் ஓடி வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்கிறேன், இருவரும் இங்கேயே வந்து என் கார்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டறைக்கு இடம் தருகிறேன் என்றார். என் கணவரும் காசிம் அண்ணனும் கொட்டகையில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

எனக்கும் சேர்ந்து சந்தோஷப்படத்தான் ஆசை. அன்று மாமியாரிடம் இவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"மொதல்ல நாங்க ரெண்டு பேரும் போறோம்த்தா. சரசு ஒன்கூட இருக்கட்டும். பின்னாடி பாத்துக்கலாம்."

பின்னாடி பாத்துக்கலாம்!

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். குழம்பு கொதித்தது. இறக்கத் தோன்றவில்லை. கார் போய்விடும், இவர் போய்விடுவார், காசிம் அண்ணன் போய்விடுவார். கொட்டகை மறுபடியும் காலியாகும். வாசலில் மாமியார், உள்ளே நான்... மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். அதில் 'நலம், நலமறிய அவா' என்று இருக்கும்.

நான் கேட்டிருக்கலாம். "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை! ஏன் கேட்கவில்லை? கேட்டு, அவர் 'வேண்டாம்' என்றுவிட்டால்? அந்தச் சொல்லைக் கேட்பதற்கு எனக்குத் துணிவில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுக்கத் துணிவிருந்தது. ஒரு கேள்வி கேட்கத் துணிவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? எனக்கே புரியவில்லையே!

அது ஒரு வெள்ளிக்கிழமை. என் கணவர் மில்லில் பகல் வேலையில் இருந்தார். காசிம் அண்ணன் காலையிலேயே வந்து பிஸ்டன்களை மாட்டத் தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றையும் எப்படி மாட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்வார். அது அவர் பழக்கம். பிஸ்டனுக்குக் குறுக்கே விரல் தடிமனில் ஒரு பின் போகும். அந்தப் பின் இரண்டு பக்கமும் நகர்ந்துவிடாமல் இருக்க, ஓரத்தில் கம்பி வளையம் போல ஒரு கிளிப். ஒரு மோதிரம் அளவுகூட இருக்காது.

"இது இல்லேன்னா என்னண்ணே ஆகும்?" என்று எப்போதோ கேட்டிருந்தேன்.

"பின்னு மெல்ல மெல்ல நகந்து வந்து சிலிண்டரப் புடிச்சு உழுதுரும்மா. எஞ்சின் செத்துச்சுன்னு வச்சுக்க. ஸ்கூட்டர் பழகுற பயலுக்கே மொதப் பாடம் இதுதான்" என்று சொல்லியிருந்தார்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்!

நாலாவது பிஸ்டனை மாட்டினார். இரண்டு பக்கமும் கிளிப் போட்டார். நான் பார்த்தேன். விரலால் சுற்றித் தடவி, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஒரு சுத்தமான துணியை எடுத்துப் பிஸ்டனின்மேல் போர்த்தினார். "ஜும்மா முடிச்சிட்டு வந்து சிலிண்டரத் தள்ளிருவோம். தூசி படாமப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

பாத்துக்கம்மா...

நான் துணியை விலக்கினேன். கூர்மூக்குக் குறடை எடுத்தேன். பக்கத்துச் சிலிண்டரை ஒட்டிய பக்கம். குனிந்து எட்டிப் பார்த்தாலொழிய தெரியாத பக்கம். கிளிப்பின் முனையைப் பிடித்து இழுத்தேன். டிக்கென்று வந்துவிட்டது. அவ்வளவு சுலபம்! இவ்வளவு பெரிய காரியம் கொஞ்சம் கடினமாக இருந்திருக்கக்கூடாதா? என் கை நழுவியிருக்கக்கூடாதா?

துணியைப் பழையபடி போர்த்தினேன். பின்பக்கம் போய்க் கிளிப்பை வாய்க்காலில் எறிந்தேன். வேகமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். எஞ்சினை முற்றத்தில் ஓட்டிப் பார்க்கும்போதே சத்தம் வரும், நின்றுவிடும், மறுபடியும் பிரிப்பார்கள், மறுபடியும் பாகம் தேடுவார்கள், இன்னும் ஒரு வருடம் நாங்கள் மூவரும் கொட்டகையில் சிரித்துக்கொண்டிருப்போம்... அப்படித்தான் நினைத்தேன். பாகம் இனிக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல ஒதுக்கிவைத்துக்கொண்டு நினைத்தேன்.

காசிம் அண்ணன் திரும்பி வந்தார். சைக்கிள் மிதித்த வியர்வை நெற்றியில் இன்னும் காயவில்லை. சிலிண்டரின் உட்புறம் எண்ணெய் தடவினார். இரு கைகளாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனுக்கு நேரே கொண்டுவந்து, நின்றார்.

"ரெண்டு பக்கமும் கிளிப்பு மாட்டிட்டேன்லம்மா?"

"மாட்டிட்டீங்கண்ணே. நான் பாத்தேன்."

கவனித்தீர்களா? அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! அவர் மாட்டினார், நான் பார்த்தேன். இத்தனை வருடங்களில் அந்தப் பதிலை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்... பொய்யே இல்லாமல் ஒரு மனிதனை ஏமாற்ற முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அவர் சிலிண்டரைத் தள்ளினார். பிஸ்டன் உள்ளே போய் மறைந்துவிட்டது.

சில நாட்களில் எஞ்சினை முழுவதும் பூட்டிக் காரில் ஏற்றினார்கள். நான் நினைத்தபடி அது முற்றத்திலேயே நின்றுவிடவில்லை. ஓடியது! முதல் தடவையிலேயே உயிர்பெற்று, தகரக் கூரையில் மழை பெய்தாற்போல் படபடவென்று ஓடியது. காசிம் அண்ணன் இரு கைகளையும் ஏந்தி துவா செய்தார். என் கணவர் மாமியாரின் காலில் விழுந்தார். நான்? நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த நாள் என் கணவர் என்னைக் காரில் உட்காரவைத்துத் திருப்பரங்குன்றத்துக்கு அழைத்துப் போனார். கல்யாணமாகி அவராக என்னை அழைத்துப் போன முதல் பயணம் அது. பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். காற்று முகத்தில் அடித்தது. நான் எதையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஓடும் எஞ்சினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வருமா... இப்போதா...

மலை கண்ணில் பட்டதும் அவர் சொன்னார்:

"சரசு, மெட்ராஸ்ல ரெண்டு ரூமு வச்ச வீடாப் பாக்கச் சொல்லிருக்கேன். ஆத்தாகிட்ட இப்பச் சொன்னா அழும்னுதான் பின்னாடி பாத்துக்கலாம்னேன். ஒன்ன விட்டுட்டு எப்பிடிப் போவேன்? நீ இல்லாம எனக்கு நட்டு எது, போல்ட்டு எதுன்னு யாரு எடுத்துத் தருவா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூச்சப்பட்டு, காது சிவந்து சொன்னார்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். "வண்டிய நிறுத்துங்க. எஞ்சினப் பிரிங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு பகல் வேலைதான்! ஒரு கிளிப் போட்டுவிட்டு மூடியிருப்பார்கள். ஆனால் சற்று முன் காது சிவந்த அந்த முகம், என்னைப் பார்த்து எப்படி மாறும் என்று எண்ணினேன். 'ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போகலாம்' என்று முருகனிடம் போய் வேண்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட வேண்டுதல், பாருங்கள்!

பல நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. நான் நம்பவும் தொடங்கிவிட்டேன்.

சென்னைக்குக் கிளம்பும் முன் திருவாதவூரில் இருக்கும் தன் அக்காவிடம் காரைக் காட்டிவிட்டு வர ஆசைப்பட்டார் என் கணவர். காசிம் அண்ணனும் உடன் போனார். மேலூர்ச் சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டிருக்கிறது. என்ன என்று திரும்புவதற்குள் எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் சுழன்று, சாலையை விட்டு இறங்கி, வயல் வரப்பில் மோதி நின்றது. என் கணவருக்குப் புருவத்தின்மேல் ஆழமான வெட்டு. காசிம் அண்ணனுக்குச் சிராய்ப்புகள். எதிரே ஒரு லாரி வந்திருந்தால்... இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. இரண்டு பேரையும் நானே கொன்றிருப்பேன்.

எஞ்சினை மறுபடி மேசையில் ஏற்றினார்கள். நான் ஆசைப்பட்டபடியே! மூவரும் கொட்டகையில் இருந்தோம். யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது சிலிண்டரைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. வெள்ளியாக மின்னிய உட்சுவரில் ஏர் ஓட்டினாற்போல் ஒரு பள்ளம். பின் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கிளிப் இல்லை.

என் கணவர் எண்ணெய் முழுவதையும் ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வடிகட்டினார். கிளிப் உடைந்திருந்தால் துண்டாவது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை.

"மாட்டவே இல்லடா நீ" என்றார்.

"மாட்டினேன் மாப்ள."

"அப்ப எங்க போச்சு? கரைஞ்சா போச்சு?"

"அல்லா மேல ஆணையா மாட்டினேன். தங்கச்சியக் கேளு. தங்கச்சிகிட்டக் கேட்டுட்டுத்தான் சிலிண்டரத் தள்ளினேன். பாத்தேன்னு சொல்லுச்சு. சொல்லும்மா!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவரின் புருவத்தில் கட்டு. காசிம் அண்ணனின் முகத்தில் பயமே இல்லை. 'பார்த்தேன்' என்று நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம் மட்டும்தான் இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகமில்லண்ணே... நான் கவனிக்கல."

இதுதான்! கிளிப்பைக் கழற்றியது பாவம் என்றால், இது அதைவிடப் பெரியது. அது ஓர் இரும்புக்குச் செய்தது. இது மனிதனுக்குச் செய்தது.

காசிம் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்கலாம்! அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். நான் பொய் சொல்வேன் என்று அவரால் நினைக்க முடியவில்லை. ஆகவே தன்னைத்தான் சந்தேகிக்க முடிந்தது.

என் கணவர் அப்போது ஒரு வார்த்தை சொன்னார். ஆத்திரத்தில் சொன்னார். "தொழுகைக்கு ஓடுற அவசரம்டா ஒனக்கு. அதுல மாட்டாமப் போயிட்ட."

"அதச் சொல்லாத மாப்ள" என்றார் காசிம் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். தன் கருவிகளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னைக்காரர், ஓடாத கார் எனக்கு எதற்கு என்றுவிட்டார். காரைக் காயலான் கடைக்காரன் வந்து இழுத்துப் போனான். ஊருக்குள் செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. பட்டறைத் தெருவில் காசிம் அண்ணனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்: கிளிப் காசிம். சமையல்காரன் உப்புப் போட மறந்தாற்போன்ற அவமானம் அது. ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போகிறவன், "எல்லாக் கிளிப்பும் போட்டாச்சாண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பான். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருவது குறைந்தது. பட்டறையை மூடிவிட்டு ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளராக நின்றார்.

ஒருநாள் அந்தக் கடைவீதியில் போகும்போது தூரத்திலிருந்து அவரைப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மாவுக்கு அடுக்குப் பாத்திரம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூடிகளை வைத்தார். காகிதம் சுற்றினார். கயிறு கட்டினார். கட்டியதை அவிழ்த்து மூடிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். அந்த அம்மா சலித்துக்கொண்டாள். முதலாளி ஏதோ சொல்லிக் கத்தினார். நான் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமானது.

நான் சந்தோஷமாக வாழ்ந்தேன்.

ஆம்! சிநேகிதனை இழந்த என் கணவர் என் பக்கம் திரும்பினார். பேசத் தொடங்கினார். மில்லில் நடந்ததை, சின்ன வயதில் நடந்ததை, பயங்களை, ஆசைகளை... எல்லாம் என்னிடம் சொன்னார். "எனக்குன்னு இருக்கது நீ ஒருத்திதான்" என்பார். பெண் குழந்தை பிறந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் பாடினார். நான் திருடிய வாழ்க்கை எனக்கு நன்றாகவே பொருந்தியது. தண்டனை எதுவும் வரவில்லை. இரவில் தூக்கம்கூட வந்தது! பாவம் செய்தவர்கள் தூங்க மாட்டார்கள் என்று கதைகளில்தான் எழுதுகிறார்கள்.

சென்ற வருடம் மாமியார் காலமானார். கேதம் கேட்க வந்த கூட்டத்தில், தலை நரைத்து, ஒடுங்கிப்போய், ஒருவர் வாசலில் தயங்கி நின்றார்.

"வா மாப்ள" என்றார் என் கணவர்.

காசிம் அண்ணன் உள்ளே வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பிறகு சொன்னார்:

"மாப்ள, நான்தான் மறந்துட்டேன்டா. இம்புட்டு வருசமா யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். மாட்டின மாதிரிதான் இருக்கு. ஆனா மாட்டிருந்தா இருந்திருக்கணுமே! நான்தான் விட்டுருக்கேன். ஒன்னச் சாகக் குடுக்க இருந்தேன். வீம்புல ஒத்துக்காம இருந்துட்டேன். மன்னிச்சுரு."

என் கணவர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "நான்தான்டா வாய் தவறிப் பேசிட்டேன். ஒன் தொழுகையச் சொல்லிட்டேனே..."

நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். குற்றம் செய்யாதவர் மன்னிப்புக் கேட்கிறார், ஏமாற்றப்பட்டவர் மன்னிக்கிறார். செய்தவள் பக்கத்தில் நிற்கிறாள். இப்போது சொல்... இப்போதாவது சொல்லடி! தேநீரை இருவருக்கும் நீட்டினேன்.

காசிம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் மன்னிக்கணும் தங்கச்சி. அன்னைக்கு என் தப்புக்கு ஒன்னச் சாட்சிக்கு இழுத்துட்டேன். நீ பாவம், என்ன செய்வ..."

"பரவாயில்லண்ணே. அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல."

மன்னித்துவிட்டேன். நான்! அவரை!

அவர் போனபிறகு என் கணவர் என்னருகே வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். பிறகு, "எம்புட்டுப் பெரிய மனசு பாத்தியா சரசு? தப்ப ஒத்துக்கிடணும்னா அதுக்கு ஒரு தைரியம் வேணும். நம்மளால எல்லாம் முடியுமா?" என்றார்.

குழந்தை கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன். குழந்தை கூப்பிடவில்லை.

இப்போது காசிம் அண்ணன் அடிக்கடி வருகிறார். என் கணவர் தன் பழைய ஸ்கூட்டரை முற்றத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார். "நீயே பாரேன் மாப்ள" என்று எவ்வளவு வற்புறுத்தினாலும் காசிம் அண்ணன் எஞ்சினில் கை வைப்பதில்லை. "நீ மாட்டு. நான் எடுத்துக் குடுக்கேன்" என்று சொல்லிப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மகளுக்கு அப்பா வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் அவர்களுக்காகத்தான் என்று...

நம்பாதீர்கள். அவர்களுக்காக இல்லை. சாலையைப் பார்த்தபடி காது சிவந்த அந்த முகம் மாறுவதை இன்றும் என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னால் காசிம் அண்ணனின் விரல்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். மறுபடி ஓர் எஞ்சினைத் தொடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்...

வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. அவர்தான்.

போய் "வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டும்.